வடிவாம்பாளின் நடை

சாயங்காலம் நான்கு மணி ஆனால் எங்கள் ஏழாம் குவிமாடத்தில் எல்லாருடைய உடம்பும் எழுந்து நடக்கப் போகும். ஆள்கள் மட்டும் போக மாட்டார்கள்.

செவ்வாய்க்குப் புதிதாக வந்து இறங்குகிறவர்கள் இதைப் பார்த்து முதல் நாள் அலறுவது வழக்கம். முந்நூறு பெரியவர்கள் கண்களை மூடிக்கொண்டு வட்டத் தாழ்வாரத்தில் ஒரே வேகத்தில் கைவீசி வருவார்கள். பிடரியில் பதித்திருக்கும் உடலோட்டி என்ற சில்லு கால்களைப் பார்த்துக்கொள்ளும். அந்த நாற்பது நிமிடமும் ஆள் தன் இமைத்திரையில், அதாவது மூடிய இமையின் உட்புறம் ஓடும் திரையில், அலுவலகக் கடிதம் படிப்பார். இல்லையென்றால் தொடர் பார்ப்பார். உடம்பு வீடு திரும்பி, குளித்து, துணி மாற்றி உட்கார்ந்த பிறகு கண் திறந்தால் போதும். எலும்புக்கும் தசைக்கும் சேரவேண்டியது சேர்ந்துவிடும். என் எதிர்வீட்டுக் குஞ்சிதம், தன் கால்களைப் பார்த்தே ஒரு மாதம் ஆகிறது என்று பெருமையாகச் சொல்வாள்.

பன்னிரண்டு வயதுவரை சில்லு பதிப்பதில்லை. பிள்ளைகள் பாடு, தாங்களே ஓடிக்கொள்ள வேண்டியதுதான்.

குஞ்சிதத்துக்கு அடுத்த வீடு வடிவாம்பாள். சரக்குக் கலங்களை மனத்தாலேயே வழிநடத்தி மேடையில் இறக்குவது அவள் வேலை. கவனம் ஒரு நொடி பிசகினால் கலம் போய்விடும். அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கவனமானியை நெற்றியில் ஒட்டி அளப்பார்கள். அறுபதுக்குக் கீழே போனால் அடுத்த கப்பலில் பூமிக்கு அனுப்பிவிடுவார்கள். போனமுறை அவளுக்கு அறுபத்தொன்று. அதற்கு முந்தின வாரம் ஒரு கலத்தை மேடை விளிம்பில் உரசவிட்டிருந்தாள்.

பூமிக்குப் போவதில் அவளுக்கு ஒன்றும் இல்லை. மகள் செவ்வந்திக்கு ஒன்பது வயது, இங்கேயே பிறந்தவள். பூமியின் கனத்தை அந்த எலும்புகள் தாங்காது. தகப்பன் சுரங்க விபத்தில் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. வடிவு போனால் பிள்ளை இங்கே விடுதியில்தான் வளரவேண்டும். அம்மா முகத்தை இனித் திரையில்தான் பார்க்கவேண்டும். இந்த நினைப்பிலேயே வடிவுக்குத் தூக்கம் போயிற்று. தூக்கம் போனதும் கவனமும் போயிற்று.

இந்த லட்சணத்தில் அவளுடைய உடலோட்டி பழுதாகிவிட்டது. மாற்றுச் சில்லு வரப் பத்து நாள் ஆகும், அதுவரை நீங்களே நடந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள், ஏதோ சிறைத்தண்டனை சொல்வதுபோல.

முதல் நாள் தாழ்வாரத்தில் அவள் தடுமாறியதை முந்நூறு பேரில் ஒருவரும் பார்க்கவில்லை. பார்த்தவள் செவ்வந்திதான்.

"அம்மா, இன்னிக்கு உள்ள இருக்கியா?"

"இருக்கேன்டி."

"அப்ப கைய வீசாத. அது மிஷின் மாதிரி இருக்கு. சும்மா வா."

சும்மா நடந்தார்கள். பள்ளியில் யார் யாருடன் பேசுவதில்லை, எந்த வாத்தியார் தூங்குகிறார் என்று பிள்ளை ஓயாமல் சொல்லிக்கொண்டே வந்தது. முழங்கால் வலித்தது, மூச்சு வாங்கியது. நாலாம் நாள், தோளில் ஒரு வருஷமாக ஏறி உட்கார்ந்திருந்த எதுவோ இறங்கிப்போனது வடிவுக்கே தெரிந்தது. அன்றிரவு அடித்துப்போட்டாற்போல் தூங்கினாள். அடுத்த தேர்வில் தொண்ணூற்று நாலு.

குஞ்சிதத்துக்குப் பொறுக்குமா?

"என்ன மாத்திரை போட்ட வடிவு? மறைக்காம சொல்லு."

"மாத்திரை இல்லக்கா. நடந்தேன்."

"நாங்க மட்டும் என்ன, படுத்தா கிடக்கோம்?"

"நீங்க எங்கக்கா நடக்கிறீங்க? உங்க காலுல்ல நடக்குது. இடது கால் ஒரு வாரமா நொண்டுது, அது தெரியுமா உங்களுக்கு?"

அவ்வளவுதான். ஆளில்லாத உடம்புகளை உற்று உற்றுப் பார்க்கிறாள் என்று குஞ்சிதம் மேலிடத்துக்குப் புகார் எழுதினாள். அதற்கு முன்னால் மருத்துவரிடம் போய்க் காலைக் காட்டிவிட்டாள் என்பது வேறு விஷயம்.

விசாரிக்க வந்தவர் துறை மேலாளர் அல்போன்ஸ். திட்டப்போகிறார் என்று நாங்கள் கதவிடுக்கில் காது வைத்துக் காத்திருந்தோம். மனிதர் பாராட்டினார். அந்த நடையைப் புதுச் சில்லில் ஒருமுறை பதிவு செய்து கொடுங்கள், எல்லாருக்கும் உபயோகப்படும் என்றார். வடிவு மகளோடு ஒரு சுற்றுப் போய்வந்தாள். கால் தரையில் படுவது, மூச்சு, மனம் லேசாவது எல்லாம் அப்படியே பதிவாயின. பிள்ளையின் பேச்சு மட்டும் இரைச்சல் என்று நீக்கப்பட்டது.

தன்நடை என்று பெயர் வைத்து வெளியிட்டார்கள். குவிமாடமே சொக்கிப்போனது. நான்கு மணிக்கு எங்கள் கால்கள் எங்களைச் சுமந்துகொண்டு தாழ்வாரத்தில் போகும். நாங்கள் உள்ளே வடிவின் நடையை அனுபவித்துக்கொண்டு போவோம்.

"நிஜமா நடக்கிற மாதிரியே இருக்கு" என்று நடந்துகொண்டே சொன்னாள் குஞ்சிதம்.

ஒரு பதிவு எத்தனை நாளைக்கு? தினம் புதிது கேட்டார்கள். கலம் இறக்கும் வேலை முடிந்ததும் வடிவு பதிவுக்கு நடக்கவேண்டும். பிள்ளை பக்கத்தில் வரக்கூடாது. "இன்னும் கொஞ்சம் நிம்மதியா நடங்கம்மா, நேத்து பதற்றம் தெரியுதுன்னு இருபது பேர் சொல்லியிருக்காங்க" என்பார் அல்போன்ஸ். அவள் நிம்மதியாக இருக்கப் பாடுபட்டாள். தூக்கம் மறுபடி போனது. அடுத்த தேர்வில் ஐம்பத்தெட்டு.

மறுதேர்வு ஒன்று உண்டு, வியாழக்கிழமை. கப்பல் வெள்ளிக்கிழமை. பதிவு வேலையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் அனுப்பினார்கள்.

"நானே கொஞ்சம் நடந்து பாக்கட்டுமா டாக்டர்? முன்ன கேட்டுச்சு."

"அது ஒரு நாள் கேக்கும், ஒரு நாள் கேக்காதும்மா. இந்த நெலமையில ரிஸ்க் எடுக்கலாமா? சோதிச்சுப் பார்த்த மருந்து இருக்கு" என்று சொல்லி எழுதிக்கொடுத்தார்: தன்நடை, முதல் பதிவு, காலை மாலை இரண்டு வேளை, படுத்த நிலையில்.

புதன்கிழமை மாலை வடிவு கட்டிலில் நீட்டிப் படுத்து இமைகளை மூடினாள். கால் தரையில் பட்டது. மூச்சு சீராக வந்தது. மனம் லேசாவதுபோல் இருந்தது. ஏதோ ஒன்று குறைகிறது என்று தோன்றியது, என்னவென்று பிடிபடவில்லை. அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டும் சத்தம்.

"அம்மா, சும்மாதானே படுத்திருக்க? ஒரே ஒரு சுத்து வாயேன். நாளன்னிக்கு நீ போயிட்டா நான் யாரோட நடப்பேன்?"

வடிவு கண்ணைத் திறக்கவில்லை.

"உனக்காகத்தானடி இவ்ளோ பாடு! அம்மா நடந்துக்கிட்டிருக்கேன்ல? அங்கிட்டுப் போய் விளையாடு."