கடைசி ஆறு பக்கங்கள்

வியாழக்கிழமை, பகல் 12.10.

பல்கலைக்கழகத்தின் மூன்றாம் மாடியில், கதை எழுதக் கற்றுக்கொடுக்கும் அறையில், டில்டா கார்பட் தன் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். ஒரு ஆப்பிள், பஸ் பாஸ், ஈரக் கையுறை, இரண்டு பேனாக்கள் விழுந்தன. நீல அட்டை நோட்டு விழவில்லை.

டில்டாவுக்கு இருபத்தொரு வயது. இறுதியாண்டு. இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஒரு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து வந்தவள். அப்பாவின் படகு திரும்பி வராமல் போனதைத்தான் கதையாக எழுதிக்கொண்டிருந்தாள். முதல் பதினோரு பக்கங்களைத் தட்டச்சு செய்தாகிவிட்டது. கடைசி ஆறு பக்கங்கள் அந்த நோட்டில் மட்டும், பென்சிலில். மறுநாள் பகல் பன்னிரண்டுக்குள் முழுக் கதையும் போய்ச் சேராவிட்டால் பட்டம் கிடையாது. ஒரு நிமிடம் பிந்தினாலும் பூஜ்யம்தான். அரண்மனைப் பிள்ளையாக இருந்தாலும் அதே கதி.

"திரும்ப எழுதிடேன்," என்றாள் தோழி மார்வென்னா பைக்.

"அந்த ஆறு பக்கத்துக்கு நாலு மாசம் ஆச்சு. இப்ப உக்காந்தா வேற ஏதாவது வரும். அது வராது."

பகல் 12.35.

எதிர் அறை டாக்டர் அகஸ்டா பென்ஹேலுடையது. பழைய புத்தகங்களின் ஓரங்களில் யார் யாரோ கிறுக்கிவைத்ததைப் படித்தே முப்பது வருடமாகச் சம்பளம் வாங்குபவர். அந்த மாடியில் கதை எழுதச் சொல்லித்தருபவர்களுக்கும் படிக்கச் சொல்லித்தருபவர்களுக்கும் ஏழாம் பொருத்தம். தேநீர்க் கெட்டில்கூடத் தனித்தனி. ஆனாலும் டில்டாவின் முகத்தைப் பார்த்ததும் பென்ஹேல் தன் கெட்டிலைத்தான் முதலில் போட்டார்.

"நோட்டைக் கடைசியா எப்ப பாத்த?"

"பத்து மணிக்கு, வகுப்பு ஆரம்பிக்கும்போது. பைக்குள்ள இருந்துது."

"அதுக்கப்புறம் பையைக் கவனிக்கலையா?"

"எப்படி டாக்டர்? இன்னிக்கு என் கதை. எழுதினவங்க வாயே திறக்கக் கூடாது. மத்தவங்க பேசறதைத் தலை குனிஞ்சு குறிச்சுக்கணும், அவ்வளவுதான். நடுவுல பத்து நிமிஷம் காப்பிக்குப் போனோம். பை நாற்காலியிலேயே தொங்கிச்சு."

"நோட்டு இதுக்கு முன்னாடி எப்பவாவது கையை விட்டுப் போயிருக்கா?"

"திங்கக்கிழமை இதே மாடியில எங்கயோ விட்டுட்டேன். அரை மணியில வராந்தா மேசையில கிடைச்சுடுச்சு."

"முடிவை யார்கிட்டயாவது சொன்னியா?"

"அம்மாகிட்டகூடச் சொல்லலை."

பகல் 1.05.

அந்த வகுப்பில் மாணவர்கள் மூன்றே பேர். டில்டா, மார்வென்னா, லூசியன் ஆஷ்டவுன். லூசியனுக்கு எவர் எழுத்தும் பிடிக்காது. அவன் எழுத்தைத் தவிர.

"காப்பி நேரத்துல நீ மட்டும் அறைக்குத் திரும்பிப் போனதா மார்வென்னா சொல்றா," என்றார் பென்ஹேல்.

"போனேன். அதுக்கென்ன?"

"எதுக்கு?"

லூசியனின் காது சிவந்தது. "என் பிரதியில ஒண்ணை அடிக்கணும்னு."

"உள்ள யாராவது இருந்தாங்களா?"

"டெஸ்மண்ட் பலகையைத் துடைச்சிட்டிருந்தார். நான் வெளிய வரும்போதும் துடைச்சிட்டுத்தான் இருந்தார்."

டெஸ்மண்ட் ஃபாரண்ட், வகுப்பின் ஆசிரியர். இரண்டு நாவல்கள் வெளியிட்டவர். மூன்றாவது நாவல் பதினான்கு வருடமாக முடிவில்லாமல் நிற்கிறது என்பது அந்த மாடியில் எல்லோருக்கும் தெரியும்; அவர் எதிரில் மட்டும் யாரும் பேச மாட்டார்கள்.

பகல் 1.20.

பென்ஹேல் கதவைச் சாத்திக்கொண்டு, டில்டா தந்த மூன்று பிரதிகளை மேசையில் பரப்பினார். வகுப்பின் வழக்கம் இது. கதையை ஒரு வாரம் முன்பே அச்சிட்டு எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். அவர்கள் வீட்டில் படித்து, ஓரத்தில் கருத்து எழுதி, வகுப்பு முடிந்ததும் எழுதியவரிடமே திருப்பித் தர வேண்டும்.

முதலில் கதையைப் படித்தார். திருடனைப் பிடிக்கத்தான் படிக்கிறோம் என்பது இரண்டாம் பக்கத்திலேயே மறந்துபோயிற்று. நான்காம் பக்கத்தில் அம்மா அப்பாவின் ஸ்வெட்டர் கையில் ஓட்டையைத் தைக்கிறாள். வெறும் ஊசி, நீல நூல், ஜன்னலில் காற்று. பென்ஹேலுக்குக் கை சிலிர்த்தது. முப்பது வருடமாக இலக்கியம் சொல்லித்தருகிறவர். இறந்துபோனவர்களிடம்தான் இந்த எழுத்து இருக்கும் என்று நினைத்திருந்தார். அதை எழுதிய பெண் எதிர் அறையில் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்பதை அவரால் நம்பவே முடியவில்லை. பதினோராம் பக்கம் முடிந்ததும் விரல் தானாகவே பன்னிரண்டைத் தேடிற்று.

பிறகுதான் ஓரங்களைப் பார்த்தார்.

மார்வென்னா, நான்காம் பக்கம்: "அழுதுட்டேன். பஸ்ஸில்."

டெஸ்மண்ட், அதே பக்கம், பச்சை மையில்: "தையல் அருமை. கத்தரிக்கோலும் இந்த மேசையிலேயே கிடக்கட்டும்."

லூசியன், அதே பக்கம்: "இவ்வளவு நீளம் தேவையா?" பதினோராம் பக்க ஓரத்தில் தான் எழுதியிருந்த 'சுமார்' என்ற சொல்லை அவசரமாக அடித்துவிட்டு, பக்கத்தில் "மன்னிக்கவும்" என்று எழுதியிருந்தான்.

பகல் 1.55.

பென்ஹேல் டில்டாவை அழைத்தார். "முடிவு என்னன்னு எனக்குச் சொல்லு."

டில்டா தயங்கினாள். "படகு வரலை. குளிர்காலம் வருது. வீட்டுல கரி வாங்க வழியில்லை. அம்மா அப்பாவோட ஸ்வெட்டரை மேசையில விரிக்கிறாங்க. ரொம்ப நேரம் பாத்துட்டு, கத்தரிக்கோலை எடுத்து வெட்டறாங்க. எனக்குக் காலுறை தைக்கறாங்க. அப்பா இனிமே வர மாட்டார்னு அம்மா வாயால சொல்லவே மாட்டாங்க. வெட்டறாங்க, அவ்வளவுதான்."

பென்ஹேல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

பகல் 2.20.

நான்கு பேரையும் வகுப்பறைக்கு வரச் சொன்னார்.

"லூசியன் போனது தன் பிரதியில ஒரு சொல்லை அடிக்க. அடிச்சிருக்கான், நானே பாத்தேன். நோட்டை எடுத்தது நீங்க, டெஸ்மண்ட்."

மார்வென்னா நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். டெஸ்மண்ட் சிரிக்க முயன்றார். "நான் எதுக்கு அகஸ்டா எடுக்கணும்?"

"எதுக்குன்னு நீங்கதான் சொல்லணும். எடுத்தீங்கன்னு நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்க." பிரதியை அவர் முன் தள்ளினார். "நாலாம் பக்கம். கத்தரிக்கோலைக் கொண்டு வரச் சொல்றீங்க. இந்தப் பதினோரு பக்கத்துல எங்கயும் கத்தரிக்கோல் கிடையாது. அது வர்றது கடைசி ஆறு பக்கத்துல, நோட்டுல மட்டும். இந்தக் குறிப்பு வகுப்புக்கு முன்னாடியே எழுதினது. அப்போ அதுக்கு முன்னாடியே நோட்டைப் படிச்சிருக்கீங்க. திங்கக்கிழமை அது அரை மணி நேரம் உங்க அறையில இருந்திருக்கு, சரியா?"

வெளியே கடற்காகம் ஒன்று கத்திக்கொண்டே இருந்தது.

"ஆமா," என்றார் டெஸ்மண்ட். "சந்தேகம் கேக்க வந்தப்ப விட்டுட்டுப் போனா."

"இத்தனை வருஷம் பாடம் சொன்ன கை. படிச்சது மனசுல இருக்கிறப்ப அதை மறைச்சுட்டு எழுத அதுக்குத் தெரியலை. உங்களால திருட முடிஞ்சுது டெஸ்மண்ட். மாணவிக்கு மட்டமான யோசனை சொல்ல முடியலை."

டெஸ்மண்ட் தன் தோல்பையைத் திறந்தார். நீல நோட்டு மேசைக்கு வந்தது.

"பதினாலு வருஷமா ஒரு முடிவைத் தேடறேன்," என்றார். "அரை மணியில படிச்சது போதலை. இன்னிக்கு ஒரு ராத்திரி கையில இருந்தா, எப்படிச் செஞ்சிருக்கான்னு புரியும்னு நெனச்சேன். நாளைக்குக் கொடுத்திருப்பேன்."

"நாளைக்குப் பன்னிரண்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

டெஸ்மண்ட் தோல்பையின் வாரை மாட்டினார்.

"துறைத் தலைவர்கிட்ட நாலு மணிக்குள்ள நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் சொன்னா அசிங்கமா இருக்கும்."

டெஸ்மண்ட் தலையசைத்து எழுந்தார். டில்டா நோட்டைப் பிரித்து ஆறு பக்கங்களையும் விரலால் எண்ணினாள். கோபப்படுவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். கோபமும் அவளுக்கு இருந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"டெஸ்மண்ட், ஒரு நிமிஷம். முடிவு சரியா வந்திருக்கா?"

கதவருகே அவர் நின்றார். திரும்பி, முதல்முறையாக அவளை நேராகப் பார்த்தார்.

"சரியா வரலைன்னா நான் எதுக்கு டில்டா திருடப் போறேன்?"