பச்சை நூல் தைத்த பொத்தான்

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்...

கண்டரமாணிக்கத்தில் மு.செ. வீட்டு முகப்பில் அந்தக் கறுப்பு டெலிபோன் விடாமல் அலறியது.

பொன்னழகு தூணோடு ஒட்டி நின்று அதையே பார்த்தாள்.

எடுக்கவில்லை.

வீட்டுச் சொந்தக்காரர்கள் மெட்ராஸில் இருந்தார்கள். பூட்டிய வீட்டுக்குப் பொன்னழகுதான் காவல். சாவியைக் கொடுக்கும்போதே ஆச்சி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். வீட்டைப் பெருக்கு, விளக்கேற்று, அந்த டெலிபோனை மட்டும் தொடாதே.

சொன்ன சொல்லை மீறத் தெரியாதவள் பொன்னழகு.

டெலிபோனுக்கு மேலே மாடத்தில் ஒரு கிண்ணம். வாழை இலையால் மூடிய வட்டலப்பம். தேங்காய்ப் பாலும் முட்டையும் கருப்பட்டியும் சேர்த்து அவித்த இனிப்பு. வாசனை முகப்பு முழுக்க மணத்தது.

மறுமுனை காரைக்குடியில் ஒரு ஜவுளிக் கடை. அங்கே நபீஸா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டிருந்தாள்.

"எடுங்களேன்... யாராச்சும் எடுங்களேன்..."

கடைக்காரர் காதில் விழாதபடி, யாரும் எடுக்காத டெலிபோனுக்குள் முணுமுணுத்தாள்.

"அதத் தின்னுறாதீக... எலி மருந்து கலந்திருக்கேன்..."

மணி ஓய்ந்தது.

வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சத்தில் நோன்பு திறக்கும் நேரம்.

அந்த வட்டலப்பத்தின் மேல் முதலில் விழப்போகும் கை... அவள் கணவனுடையது!

*

எல்லாம் ஒரு பொத்தானில் ஆரம்பித்தது.

ஹபீப் ரகுமான் ரங்கூனில் கடை வைத்திருந்தவன். பர்மாக்காரர்கள் எல்லாரையும் வெறுங்கையோடு கப்பல் ஏற்றினார்களே, அப்போது மனைவி நபீஸாவோடு வந்து இறங்கினான். காரைக்குடியில் அக்காள் சைதுன் பீவி வீட்டில் ஒதுங்கினார்கள். ஒரே அறை. பொது அடுப்படி. பெருமூச்சு விட்டால்கூட அடுத்த அறைக்குக் கேட்கும்.

நமக்கென்று ஒரு சின்ன ஊர் பார்ப்போம் என்றான் ஹபீப். அந்த 1966ஆம் வருஷம் முழுக்க ஊர் ஊராக அலைந்தான். ஒவ்வொரு நாளும் வந்து அவளிடம் ஒப்பிப்பான். கோட்டையூரில் பஸ் எப்படி, கானாடுகாத்தானில் தண்ணீர் எப்படி, எங்கே பள்ளிக்கூடம், எங்கே சந்தை...

நபீஸாவுக்குக் கோட்டையூர் பிடித்துப்போனது.

பிறகு ஒருநாள் கண்டரமாணிக்கம் போய்விட்டு வந்தான்.

அன்றோடு ஒப்பிப்பது நின்றது. போவது மட்டும் நிற்கவில்லை!

"கோட்டையூருக்கு என்ன கொறச்சலாம்? வாசல்ல டவுன் பஸ் வந்து நிக்குது" என்றாள்.

"கண்டரமாணிக்கம் நல்ல ஊரு நபீஸா."

"அங்க நமக்கு யாரு இருக்கா?"

"இருக்காக."

சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் அவன் வெள்ளைச் சட்டையைத் துவைக்க எடுத்தாள். நெஞ்சுக்கு நேரே இருந்த பொத்தானில் அவள் கை நின்றது.

பச்சை நூல்!

அவள் தைக்காத பொத்தான். வெள்ளைச் சட்டையில் பச்சை நூலால்... யாரோ அவன் நெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று தைத்த பொத்தான்.

சைதுன் பீவி போகிறபோக்கில் எண்ணெயை ஊற்றினாள். "அங்க யாரோ பொன்னழகாமுல்ல... அந்தப் பேச்ச எடுத்தா எந்தம்பிக்கு வாய் ஓய மாட்டேங்குது."

பொன்னழகு!

பேரே எரிந்தது. அழகாக இருப்பாளோ? சிரிக்கும்போது கன்னத்தில் குழி விழுமோ? ஊர் பிடித்திருக்கிறது என்கிறானே... ஊரா, ஊரில் ஒருத்தியா?

மார்கழிக் குளிரோடு ரமலான் மாதமும் வந்தது. நபீஸா ஒரு நோன்பையும் விடவில்லை.

வயிறு நோன்பு பிடித்தது. மனசு பிடிக்கவில்லை.

*

கடைத்தெரு ஓரத்தில் ஒரு நாட்டு மருந்துக் கடை. முறுக்கிய மீசையோடு உட்கார்ந்திருந்த முத்துராமலிங்கம் நிமிர்ந்து பார்த்தார்.

வெள்ளைத் துப்பட்டிக்குள் ஒரு முகம். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"எலி மருந்து வேணும்."

"எலி எம்புட்டுப் பெருசு தாயி?"

நபீஸாவின் கை அவளையும் அறியாமல் எழுந்தது. இடுப்பைத் தாண்டியது. தோளருகே போய் நின்றது. சட்டென்று இறக்கிக்கொண்டாள்.

முத்துராமலிங்கம் மீசையைத் தடவினார். உள்ளே போனார். வெகுநேரம் கழித்து ஒரு பொட்டலத்தோடு வந்தார். ஆணியில் தொங்கிய நூல்கண்டிலிருந்து நூலை இழுத்து, சுற்றிச் சுற்றிக் கட்டிக் கொடுத்தார்.

"வீட்டுக்குப் போயி மூஞ்சியக் கழுவிட்டு, ஒருக்கா நல்லா ரோசிச்சுட்டுப் பிரி தாயி" என்றார்.

அவள் யோசிக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் பொட்டலத்தைப் பிரித்தாள். கட்டிய நூலை அறுத்தெறிந்த அவசரத்தில் அது என்ன நிறம் என்றுகூடப் பார்க்கவில்லை.

*

"தண்ணி குடிக்கிறீகளா?"

கண்டரமாணிக்கத்தில் பொன்னழகு கேட்ட முதல் கேள்வி அதுதான். வந்தவள் யார், எந்த ஊர் என்று பிறகுதான் கேட்டாள்.

நோன்பு என்றாள் நபீஸா. குடிவர வீடு பார்க்க வந்ததாகப் புளுகினாள். புளுகிக்கொண்டே அவளை மேலும் கீழும் அளந்தாள். கறுப்புதான். ஆனால் களை. சிரித்தாள்... குழி விழுந்தது!

கிண்ணத்தை நீட்டினாள். "எங்க வீட்டுல செஞ்சது. சாப்பிடுங்க."

பொன்னழகு இலையைத் தூக்கி மோந்து பார்த்தாள். முகம் மலர்ந்தது. பிறகு மாடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

"ஏன்... தின்னலையா?"

"நல்லாருக்கு போங்க. நீங்க எச்சி முழுங்காம இருக்கைல ஒங்க முன்னாடி நான் வாயசைப்பனா? பெறகு திங்கிறேன்."

பிறகுதானே... தின்னட்டும்! நபீஸா பஸ் ஏறிவிட்டாள்.

வீடு வந்து சேர்ந்தபோது சைதுன் பீவி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். அவளால் ரகசியத்தை அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"ஒம்புருசன் சொல்லாதன்னு சத்தியம் வாங்கிட்டுப் போயிருக்கான். எனக்கு வயித்துல நிக்க மாட்டேங்குது. கண்டரமாணிக்கத்துல ஒரு பெரிய வீட்டுப் பின்கட்டப் பேசி முடிச்சுட்டான். தானே சுண்ணாம்பு அடிக்கிறானாம். ரங்கூன் வீட்டு அடுப்படி சன்னல நெனச்சு நீ அழுதியாமுல்ல... அதே மாதிரி ஒண்ணு வச்சிருக்கானாம். நாளைக்குத்தேன் ஒன்னையக் கூட்டிட்டுப் போயிக் காட்டுவானாம்."

நபீஸா சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப... பொன்னழகு?"

"வீட்டக் காக்குற பொம்பள. கட்டுனவரு இங்க காரைக்குடியிலதேன் கடை வச்சிருக்காராம். இவன் ஊரூராத் தாகத்தோட அலஞ்சானா... போன எடத்துல எல்லாம் பேரக் கேட்டுட்டுத் தண்ணி குடுத்தாகளாம். அவ மட்டும் தண்ணியக் குடுத்துட்டுப் பேரக் கேட்டாளாம். அந்த ஒரு செம்புத் தண்ணிக்கு ஊரையே புடிச்சுப்போச்சு அவனுக்கு."

சைதுன் பீவி நிறுத்தவில்லை. "நல்ல மனுசி. நோன்பு மாசம் பூராவும் இவன் முன்னால ஒரு வாய் தின்னதில்லையாம். எது கெடச்சாலும் எடுத்து வச்சு, நோன்பு தொறக்கைல இவனுக்குக் குடுத்துட்டுத்தேன் தான் திம்பாளாம். இன்னிக்கும் அங்கதேன் போயிருக்கான்... எங்கடி ஓடுற?"

*

டெலிபோனை யாரும் எடுக்கவில்லை. ஹபீப் அந்த நேரம் கடைசிக் கட்டுக்கு அப்பால் கிணற்றடியில் சுண்ணாம்பு படிந்த கையைக் கழுவிக்கொண்டிருந்தான். மூன்று கட்டு தாண்டி மணிச்சத்தம் அங்கே போகவில்லை.

ஜவுளிக் கடையிலிருந்து ஓடிய நபீஸா, புறப்பட்ட பஸ்ஸைக் கத்தி நிறுத்தி ஏறினாள்.

கல்லல் ரயில்வே கேட்... மூடியிருந்தது!

சரக்கு ரயில். பெட்டி பெட்டியாக, சாவகாசமாக, ஊர்ந்தது.

மேற்கே வானம் சிவந்தது. யா அல்லா, என் பாவத்துக்கு என்னைக் கேளு... அவர்களைக் கேட்காதே. துப்பட்டியின் நுனியைக் கடித்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கேட் திறந்தது. கண்டரமாணிக்கத்தில் அவள் குதித்து இறங்கியபோது... சூரியன் இல்லை.

மு.செ. வீட்டுக்குள் ஓடினாள்.

முகப்பில் விளக்கு எரிந்தது. ஹபீப்பும் பொன்னழகும் ஆளுக்கொரு இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். நடுவே அந்தக் கிண்ணம்.

காலி!

ஹபீப் அவளைப் பார்த்துச் சிரித்தான். "வா நபீஸா. மொத வாயிலயே கண்டுபிடிச்சுட்டேன். ரங்கூன்ல நீ செய்யிற அதே பக்குவம். வந்தது நீதான்னு பொன்னழகுகிட்டச் சொன்னேன், நம்ப மாட்டேங்குது."

நபீஸா தரையில் விழுந்தாள்.

"மச்சான்... அதுல எலி மருந்து..."

சிரிப்பு நின்றது.

"இவுகளுக்குத்தேன் வச்சேன். நீங்க இவுகளோட... நான் தப்பா நெனச்சுட்டேன் மச்சான். ஆசுபத்திரிக்கு ஓடுங்க... ரெண்டு பேரும் ஓடுங்க..."

ஹபீப் வண்டி பார்க்க எழுந்து வாசலுக்கு ஓடினான்.

பொன்னழகு அசையவில்லை. தன்னைக் கொல்ல வந்தவளை உற்றுப் பார்த்தாள். வெடித்த உதடு. ஒட்டிப்போன வாய்.

"நீ இன்னும் நோன்பு தொறக்கலையா?"

நபீஸா தலையை மட்டும் ஆட்டினாள்.

பொன்னழகு எழுந்தாள். பானையிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் மொண்டு நீட்டினாள்.

"மொதல்ல இதக் குடி. சாகுறதப் பெறகு பாத்துக்கிருவோம்."

நபீஸா செம்பை வாங்கினாள். குடித்தாள். தண்ணீரோடு கண்ணீரும் தொண்டைக்குள் இறங்கியது. ஒரு ஊரையே வாங்கிய தண்ணீர் அது.

அப்போது... வாசலில் சைக்கிள் மணி!

ஹபீப்பின் தோளைப் பிடித்து உள்ளே தள்ளிக்கொண்டே ஒருவர் வந்தார்.

முறுக்கிய மீசை!

நபீஸா விறைத்துப்போனாள். நாட்டு மருந்துக் கடைக்காரர்!

"இவுகதேன் எங்க வீட்டுக்காரரு" என்றாள் பொன்னழகு. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. "மருந்து ஏதாச்சும் வச்சிருக்கீகளா? நாங்க வெசத்தத் தின்னுட்டோம்."

முத்துராமலிங்கம் அழுதவளைப் பார்த்தார். துப்பட்டியைப் பார்த்தார். காலிக் கிண்ணத்தைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நிதானமாக உட்கார்ந்தார்.

"தோள் ஒசர எலிக்கு எங்கடையில மருந்து கெடையாது தாயி. நான் கட்டிக் குடுத்தது அதிமதுரப் பொடி. தொண்டைக்கு நல்லது."

காலிக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து மோந்து பார்த்தார்.

"மருந்து இல்லேன்னு சொன்னா இன்னொரு கடைக்குப் போயிருவ. யாரு வீட்டுப் பிள்ளையோ, அழுத கண்ணோட வந்து நிக்குது, ஆத்திரம் அடங்குனாச் சரியாப் போகும்னு நெனச்சேன்." பொன்னழகு பக்கம் திரும்பினார். "அந்த எலி எம்பொண்டாட்டின்னு கனாவா கண்டேன்..."

நபீஸா குப்புற விழுந்து பொன்னழகின் காலைப் பிடித்தாள். பொன்னழகு காலை இழுத்துக்கொண்டாள். பிறகு குனிந்து அவளைத் தூக்கி உட்காரவைத்து, தன் இலையில் மிச்சமிருந்த இட்லியை அவள் பக்கம் நகர்த்தினாள்.

அவள் தின்று முடித்ததும் ஹபீப் அவளைப் பின்கட்டுக்குக் கூட்டிப் போனான். விளக்கை உயர்த்திக் காட்டினான். ஈரச் சுண்ணாம்பு வாசனை. அடுப்பு மேடைக்கு நேரே ஒரு சன்னல். ரங்கூன் சன்னலைவிடக் கொஞ்சம் கோணலாக, கொஞ்சம் பெரிதாக இருந்தது.

"கோட்டையூரு வேணாம் மச்சான்" என்றாள் நபீஸா.

முகப்புக்குத் திரும்பியவள் தயங்கி நின்றாள். எல்லாம் தீர்ந்தது. ஆனாலும் நெஞ்சுக்குள் ஒரு முள்...

"அந்தப் பச்சை நூலு...?" என்றாள் மெதுவாக.

"எந்த நூலு?"

"சட்டப் பொத்தான்ல... யாரு தச்சது?"

முத்துராமலிங்கம் மீசையைத் தடவினார். "சுண்ணாம்பு அடிக்கைல அந்துபோச்சுன்னாரு. மடியில பொட்டலம் கட்டுற நூலு கெடந்துச்சு. நாந்தேன் தச்சு விட்டேன்."

பொன்னழகின் கன்னத்தில் குழி விழுந்தது.

"நல்லாப் பாத்துக்க தாயி... ஒனக்குச் சக்களத்தி நானில்ல. மீசைய முறுக்கிக்கிட்டு ஒக்காந்திருக்காகளே, இவுகதேன்!"