காய்ச்சல் விட்ட மத்தியானம்

அக்காவின் காரியத்துக்கு முந்தின நாள் மத்தியானம், பட்டாபிராமிலிருந்து ஆட்டோ பிடித்து அயனம்பாக்கம் வீட்டில் வந்து இறங்கினேன். தோளில் என் மகள் நிஷா தூங்கிக்கொண்டிருந்தாள். நாலைந்து நாளாக அனலாய்க் கொதித்த காய்ச்சல் அன்று காலையில்தான் விட்டிருந்தது. டாக்டர் பெரியம்மாவே மேலிருந்து பார்த்துக்கொண்டாள் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

சுதா அக்கா குழந்தை டாக்டர். வீட்டின் கீழ்த்தளம்தான் கிளினிக். வாயைத் திறந்தால் திட்டுதான். தாய்மார்களை அவள் வறுத்தெடுப்பது ஏரிக்கரை வரை கேட்கும். அப்படியும் ஜனங்கள் அவளை விட்டுப் போகவில்லை. ஸ்டெதஸ்கோப்பைத் தொடுவதற்கு முன்னால் குழந்தையின் பாதங்களை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொள்வாள். எப்பேர்ப்பட்ட அழுகையும் அடங்கிவிடும். கல்யாணமே வேண்டாம் என்றவளுக்கு நிஷாதான் உயிர். அப்படிப்பட்டவள் கிளினிக் நாற்காலியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாள். எனக்கு இன்னும் கோபம்தான் வருகிறது.

கோதண்டம் மாமா மட்டும் வீட்டில் இருந்தார். அம்மாவின் தம்பி.

"வாம்மா. கொழந்தைக்கு எப்படி கீது?"

"காய்ச்சல் விட்டுடுச்சு மாமா. அசந்து தூங்குறா."

"அப்பாடா. எல்லாரும் சாமான் வாங்க பூந்தமல்லி போய்க்கீறாங்க. நீ உள்ள படுக்க வை."

கிளினிக்கை ஒட்டிய அக்காவின் அறையில், அவள் கட்டிலிலேயே நிஷாவைக் கிடத்தினேன். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மின்சாரம் போயிற்று. மழை பிடித்துக்கொண்டதும், பகலா இரவா என்று தெரியாத ஓர் இருட்டு அறைக்குள் நிறைந்தது.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. டெட்டால். முந்தின நாள்தான் வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கழுவியிருந்தார்கள். இது பழைய வாசனை இல்லை. யாரோ இப்போதுதான் கை கழுவிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"அம்மா..." நிஷா கண்ணைத் திறக்காமலே முனகினாள். "பெரியம்மாகிட்ட சொல்லும்மா."

"என்னடா சொல்லணும்?"

"என் காலை விடச் சொல்லு."

கால்மாட்டில் யாரும் இல்லை.

ஆனால் போர்வை அங்கே அமுங்கியிருந்தது.

நான் போட்ட கூச்சலில் மாமா ஓடி வந்தார். போர்வையைப் பார்த்தவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"கொழந்த மேல உசுரா இருந்தவ. கூட இட்டுகினு போவப் பாக்குறா" என்றார், தொண்டைக்குள்ளேயே. சமையலறைக்குப் போய் எலுமிச்சம்பழமும் கற்பூரமும் எடுத்து வந்தார். நிஷாவுக்கு மூன்று சுற்றுச் சுற்றி, வாசலில் வைத்துக் காலால் நசுக்கினார். "நீ கூடப் பொறந்தவ. நீ சொன்னாதான் போவா. சொல்லும்மா!"

சொன்னேன். எனக்கு எல்லாம் செய்தவளைப் பார்த்துச் சொன்னேன்.

"அக்கா, உன் கால்ல விழறேன். என் பிள்ளையை விட்டுட்டுப் போயிடு."



"பெரியம்மா அழறாங்கம்மா" என்றாள் நிஷா. "ஆனா விட மாட்டேங்கிறாங்க."

எனக்கு வெறி வந்துவிட்டது. பேயோ அக்காவோ, பிய்த்து எறிவது என்று கால்மாட்டுக்குப் பாய்ந்து போர்வையை உதறி, கண்ணுக்குத் தெரியாத அந்தக் கைகளைப் பற்ற இரண்டு கைகளையும் நீட்டினேன்.

என் கைக்குள் வந்தவை நிஷாவின் பாதங்கள்.

ஐஸாகச் சில்லிட்டிருந்தன.

நெற்றியைத் தொட்டேன். சூடே இல்லை, வியர்த்துப் பிசுபிசுத்தது. கிளினிக்கில் ஒரு தாயை அக்கா கிழித்துத் தோரணம் கட்டியது அந்த நொடியில் என் காதில் விழுந்தது: "காய்ச்சல் விட்டா கண்டம் தாண்டிடுச்சுன்னு யாரு சொன்னா? டெங்குல அப்பதான் ஆபத்தே! கால் சில்லிட்டா ஓடி வர வேணாமா?"

அழுகையை அடக்க அல்ல, சில்லிட்டிருக்கிறதா என்று பார்க்கத்தான் அவள் குழந்தைகளின் காலைப் பிடித்திருக்கிறாள். இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தும் எனக்கு அது தெரியவில்லை.

"மாமா, காரை எடுங்க!"

அம்பத்தூர் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டெங்குதான். ஓடி ஓடி டிரிப் ஏற்றினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். ராத்திரி முழுக்க நிஷா அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள், பெரியம்மா காலை விடவில்லை என்று. நான் கால்மாட்டில் கொஞ்சம் இடம் விட்டே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காரியம் நாங்கள் இல்லாமலே நடந்தது. சாயங்காலம் மாமா போன் செய்தார். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சிச்சும்மா. காக்கா வந்து சோறு எட்துச்சு. அவ கரையேறிட்டா. இனிமே ஒன்னியும் இல்ல, தைரியமா இரு."

நிஷா எழுந்து உட்கார்ந்து இளநீர் குடித்தாள். கை கால் எல்லாம் கதகதப்பாக இருந்தது. பக்கத்துக் கட்டிலில் ஒரு பையன் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் அம்மா போனில் யாரிடமோ சிரித்துக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தாள்: "ஆமாங்க, காய்ச்சல் சுத்தமா விட்டுடுச்சு. நாளைக்கு வீட்டுக்கு வந்துடுவோம்."

"அம்மா" என்று நிஷா என் புடவையை இழுத்தாள். "பெரியம்மா என் காலை விட்டுட்டாங்க."

"போயிட்டாங்களாடா?" என்றேன்.

அவள் இல்லை என்று தலையாட்டிவிட்டு, பக்கத்துக் கட்டிலின் கால்மாட்டைக் கை காட்டினாள்.

நர்ஸைக் கூவிக் கூப்பிட்டுக்கொண்டு வராந்தாவில் ஓடினேன்.