வெயில் படாத அறிவித்தல்

வெள்ளிக்கிழமை காலை, கந்தோர் திறக்குமுன்பே சித்தி பரீதா என்ற பெண் வாசலில் வந்து நின்றார். திருகோணமலைத் துறைமுகத்துக்கு எதிரே இருந்தது பிறக்கிராசி ஹெக்டரின் கந்தோர். வழக்குப் பேசுவதைவிடச் சிக்கல் அவிழ்ப்பதில்தான் ஹெக்டருக்கு ருசி. அவருடைய உதவியாள் றொபேட்டுக்கோ, சிக்கல் அவிழுமுன்பே யாரையாவது பிடித்துக் கொடுத்துவிட வேண்டும்.

சங்கதி இதுதான். குடாவுக்கு அக்கரையில் உள்ள சிப்பித்துறையில், கரையில் கட்டும் ஒவ்வொரு வள்ளத்துக்கும் கிராமச் சபை புது வரி போடப்போகிறது. அதற்கு முன் அங்குள்ள மீன்கொட்டிலில் மூன்று கிழமை பொது அறிவித்தல் ஒட்டி ஆட்சேபம் கேட்க வேண்டும் என்பது விதி. யாரும் ஆட்சேபிக்கவில்லையாம், இன்று பின்னேரம் வாக்கெடுப்பு. காலஞ்சென்ற புருஷன் விட்டுப்போன மூன்று வள்ளங்களில் பரீதாவுக்கு ஒன்றுதான் ஓடுகிறது. வரி வந்தால் மற்ற இரண்டையும் விற்க வேண்டியதுதான். மகன்மார் தொழிலுக்கு இறங்கும் காலத்தில் வள்ளம் இராது.

"கொட்டில் திறக்கிற நாளெல்லாம் நான் மீன் விக்கப் போறனான், ஐயா. அறிவித்தல் ஒண்டும் அங்க இருக்கல்ல. சபையில கேட்டா, நான் பொய் சொல்றனாம்."

மூவரும் லாஞ்சில் அக்கரைக்குப் போனார்கள். வெள்ளிக்கிழமை என்பதால் மீன்கொட்டில் பூட்டியிருந்தது. கரையில் ஈ காக்கை இல்லை. அகலமான பலகைக் கதவின் வெளிப்புறத்தில், கண்மட்டத்தில், கையொப்பமும் முத்திரையுமாக அறிவித்தல் இருந்தது. பரீதா கிட்டப் போய் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தார்.

றொபேட்டுக்கு மட்டும் கொண்டாட்டம். பக்கத்துக் கம்பத்தில் போன கிழமை ஒட்டிய சினிமாச் சுவரொட்டியே வெளிறிப் போயிருக்க, இந்தக் கடுதாசி புதுசாக இருந்தது. நேற்று ஒட்டிய கள்ளக் கடுதாசிதான் என்று அவன் தீர்ப்பே சொல்லிவிட்டான். சபைக் கிளாக்கர் யோகலிங்கத்திடம் ஓடிப்போய் அதை முகத்துக்கு நேரே சொல்லியும் விட்டான். அன்புவழிபுரத்திலிருந்து வந்து வேலை பார்க்கும் அமைதியான மனிதர் அவர். பழி நிலைத்தால் உத்தியோகம் போய்விடும். தன் கையாலேயே மூன்று கிழமைக்கு முன் ஒட்டியதாகவும், கிழமைதோறும் வந்து பார்த்ததாகவும் அவர் சொன்னார்.

ஹெக்டர் கதவடியிலேயே நின்றார். கடுதாசியின் ஓரங்களைக் கரப்பான் அரித்திருந்தது. தடவியபோது விரலில் சுண்ணாம்புத் தூள் ஒட்டியது. பக்கத்தில் வெள்ளையடித்த சுவரையும் அதில் இருந்த இரும்புக் கொளுக்கியையும் பார்த்தார்.

ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு, ஹெக்டருடைய வேண்டுகோளின்படி, சபை அக்கிராசனர் அலியாரும் உறுப்பினர்களும் கிளாக்கரும் கொட்டிலடிக்கு வந்தார்கள்.

"கிளாக்கர், என்ன கிழமையில ஒட்டினீங்கள்?"

"வெள்ளிக்கிழமை, சேர். அண்டைக்குக் கந்தோர் பாதிநாள். வெளிவேலையெல்லாம் அண்டைக்குத்தான்."

"வந்து பார்த்ததும் வெள்ளிக்கிழமையிலதானோ?"

"ஓம்."

ஹெக்டர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "பசையைக் கரப்பான் இவ்வளவு தின்ன ஒரு இரவு காணாது. அப்ப கடுதாசி பழசு. ஆனா வெயில் அவ்வளவு கண்டதில்லை. அப்ப பகலில இது எங்க இருந்தது?"

கொட்டிலை விடியுமுன் திறந்து இருட்டியபின் பூட்டும் காவலாளி முஹம்மது தம்பியிடம், வேலைநாளில் திறப்பது போலவே கதவைத் திறக்கச் சொன்னார். அவர் கதவை வெளியே இழுத்து, முழுக்கச் சுழற்றி, சுவரோடு சாத்திக் கொளுக்கியை மாட்டினார். அறிவித்தல் சுவருக்கும் பலகைக்கும் இடையில் போய்விட்டது.

"ஆக்கள் வாற நாளில இது சுவரைப் பாத்துக்கொண்டு நிண்டிருக்கு. கிளாக்கர் வாற நாளில ஆக்கள் இல்லை. ரெண்டு பேரும் சொன்னது உண்மை," என்றார் ஹெக்டர்.

றொபேட்டுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "மன்னியுங்கோ அண்ணை," என்றான். யோகலிங்கம் தலையை மட்டும் அசைத்தார்.

சுவரிலேயே புதிதாக ஒட்டி, மூன்று கிழமையை முதலிலிருந்து எண்ணும்படி அலியார் உத்தரவிட்டார். பிறகு, சற்று எரிச்சலோடு, பரீதாவின் ஆட்சேபம்தான் என்ன என்று கேட்டார். ஓடாத வள்ளத்துக்கு வரி வேண்டாம், அவ்வளவுதான் என்றார் பரீதா.

"இதை முதல்லயே என்னட்ட வந்து சொல்லியிருந்தா, பாத்துச் செய்திருப்பேனே, தங்கச்சி."

"உங்கட வீட்டு வாசலில வந்து சொன்னா அது கெஞ்சல், அலியார் காக்கா. அறிவித்தலுக்குச் சொன்னா அது ஆட்சேபம். அதுக்கு நீங்க எல்லாருக்கும் முன்னால பதில் சொல்லணும்."