அடைத்திருந்த பெட்ரோல் டேப்

காலையிலிருந்து இடுப்பு சர்வேயரை உட்கார விடவில்லை. பதினான்கு வயதில் தொடங்கி எட்டு வருடம் சிமென்ட் மூட்டை சுமந்த இடுப்பு. அதற்குப் பிறகு முப்பது வருடம், இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நொறுங்கிய வண்டிகளுக்கு அடியில் படுத்துப் புரண்டு விபத்து அறிக்கை எழுதிய இடுப்பு. ஓய்வு பெற்றதும் எல்லாவற்றுக்கும் சேர்த்து வஞ்சம் தீர்த்துக்கொண்டிருந்தது. அவர் சுவரில் முதுகை அழுத்தி நின்றபடியே அந்தப் பெண் சொல்வதைக் கேட்டார்.

அவள் பெஞ்சின் நுனியில் மடியில் ஒரு துணிப்பையோடு உட்கார்ந்திருந்தாள். தையல் ஆலையில் வேலை. விரல் நுனிகளில் ஊசி ஏறிய தழும்புகள்.

"எங்க வீட்டுக்காரரு திருடன் இல்லைங்க. அதை மட்டும் யாராவது சொல்லணும். மூணாவது படிக்கிற பொண்ணுக்கிட்ட, 'உங்கப்பன் திருட்டு வண்டியில போய்ச் செத்தவன்'னு சொல்றாங்க."

"யாரு முதல்ல சொன்னது?"

"எங்க அண்ணன்தான். போலீஸ்ல எழுதிக் கொடுத்ததே அதுதான்."

பதினோரு நாளைக்கு முன்னால், விடியற்காலையில், வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி, இறக்கத்தில் இருக்கும் சின்னப் பாலத்தருகே அவள் கணவன் இறந்து கிடந்தான். கல் உடைக்கும் கிரஷரில் வேலை செய்தவன். பக்கத்தில் அவளுடைய அண்ணனின் பழைய டூ-ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் விழுந்து கிடந்தது. அண்ணன் பஸ் டிரைவர். வேலை வேன் தவறிப்போனதால் மாப்பிள்ளை தன்னைக் கேட்காமல் வண்டியை எடுத்துப் போய்விட்டார் என்று அவன் சொன்னான். பழக்கமில்லாத வண்டி, தானே விழுந்தார் என்று போலீஸ் கோப்பை மூடிவிட்டது. அவள் இரவு ஷிப்ட் முடிந்து காலை எட்டு மணிக்கு வந்தபோது தெருவே வாசலில் நின்றது.

"அவருக்கு வண்டி ஓட்டத் தெரியுமாம்மா?"

"ஸ்கூட்டர் ஓட்டுவாரு. இதை ஓட்டி நான் பார்த்ததில்லை. அண்ணன்தான் யாரையும் தொடவே விடமாட்டாரே. கல்யாணம் கூடப் பண்ணிக்கலை. வண்டிக்குத்தான் தாலி கட்டியிருக்காருன்னு தெருவுல கேலி பேசுவாங்க."

பையைத் திறந்து ஆஸ்பத்திரியில் கொடுத்ததை எல்லாம் எடுத்து வைத்தாள். ஒரு காக்கி பேன்ட். ஒரு இடுப்பு பெல்ட். ஒரு ஜோடி கான்வாஸ் ஷூ, வலது மட்டும் ரத்தத்தில் கறுத்திருந்தது. இடது ஷூ வெள்ளையாகவே இருந்தது.

"முந்தின நாள் சாயந்திரம்தான் துவைச்சுப் போட்டேன்," என்றாள்.

சர்வேயர் இடது ஷூவின் மேற்புறத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேன்ட்டை விரித்தார். வலது கால் ஓரத்தில், கெண்டைக்காலுக்குப் பின்னால், கடுகு தூவியது போல் கறுப்பு எண்ணெய்ப் புள்ளிகள். பெல்ட்டில் புதிதாக ஒரு துளை, ஆணியால் குத்தியது போல் கோணலாக.

"பெல்ட்டைத் தொடையில இறுக்கிக் கட்டியிருந்தாராம்," என்றாள். "ஒரு மணி நேரமாவது உயிர் இருந்திருக்கும், சீக்கிரம் கொண்டு வந்திருந்தா பிழைச்சிருப்பாருன்னு டாக்டர் சொன்னாரு."

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த போட்டோக்காரருக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. விபத்து நடந்த இடங்களில் போலீசுக்குப் படம் எடுப்பதுதான் அவர் தொழில். அன்று காலை பாலத்தில் படம் எடுத்ததும் அவரே. எந்த வேலைக்குப் போனாலும் வெள்ளை பேன்ட்தான் போடுவார்.

"அண்ணே, அந்த லாரிக்காரன்தான்! ஆறே முக்காலுக்கு அவன்தானே முதல்ல பார்த்தேன்னு சொன்னான்? இடிச்சுட்டு, நல்லவன் மாதிரி போன் பண்ணியிருக்கான்."

"இடிச்ச லாரியில எங்கேயாவது கீறல் இருந்துச்சா?"

"இல்லை."

"அப்ப ஆளை விடு. உன் படங்களை எடு."

படங்கள் மேஜையில் விரிந்தன. வண்டி வலது பக்கமாக விழுந்து கிடந்தது. இறந்தவன் அதற்கு ஏழடி தள்ளி, பாலத்துச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்த நிலையில் இருந்தான். முகம் ஊர்ப்பக்கம் பார்த்திருந்தது. அவன் முதுகுக்குப் பின்னால் இருநூறு அடியில் பெரிய ரோடு.

சர்வேயர் லென்ஸை எடுத்துக்கொண்டு ஒரே படத்தின் மேல் வெகுநேரம் குனிந்திருந்தார். டாங்கின் அடியில், மேலே பார்த்திருந்த இடது பக்கத்தில், பெட்ரோல் டேப் தெரிந்தது. கைப்பிடி கீழ்நோக்கி நின்றால் திறப்பு, பக்கவாட்டில் படுத்தால் அடைப்பு. படத்தில் அது அடைத்திருந்தது. ஆனால் நேராகப் படுத்திருக்கவில்லை. நுனி ஒரு விரற்கடை மேலே தூக்கியிருந்தது.

"நீ போனப்போ தரையில பெட்ரோல் ஈரம் இருந்துச்சா?"

"சொட்டு இல்லைண்ணே. சிகரெட் பத்த வைக்கலாமான்னு நான் மோந்தே பார்த்தேன்."

"டாங்க்?"

"முக்கால்வாசி இருந்துச்சுன்னு ஏட்டு சொன்னாரு. வண்டியை அவங்க தூக்கினதே நான் படம் எடுத்த பிறகுதான். லாரிக்காரன் கிட்டவே போகலையாம், பயந்தாங்கொள்ளி."

சர்வேயர் அந்தப் படத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "வாங்க, உங்க அண்ணனைப் பார்க்கலாம்."

*

அண்ணன் வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஷெட். போலீஸ் திருப்பிக் கொடுத்த வண்டி நடுவில் நின்றது. வளைந்த ஹேண்டில்பாரை நிமிர்த்திப் பொருத்திவிட்டு மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். அண்ணன் முழுக்கைச் சட்டையோடு நின்றான். தகரத்தின் அனலில் எல்லோருக்கும் வியர்த்தது. அவனுக்கு மட்டும் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையை மடித்துவிட்டுக்கொள்ளவில்லை.

"காய்ச்சல். பத்து நாளா லீவு," என்றான் அவனாகவே.

வண்டியைப் பற்றிக் கேட்டதும் அவன் குரல் மாறியது. முப்பது வருடத்துக்கு முந்தைய வண்டி. முதல் சம்பளத்தில் வாங்கியது. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு இத்தனை மில்லி எண்ணெய் என்று தானே அளந்துதான் ஊற்றுவான். சத்தத்தைக் கேட்டே எந்தத் திருகு தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவானாம்.

"மாப்பிள்ளை கேட்டிருந்தா நானே கொண்டுபோய் விட்டிருப்பேனே சார். எந்திரிச்சுப் பார்க்கிறேன், ஷெட்டு காலி."

"சாவி?"

"இந்த வண்டிக்குச் சாவியெல்லாம் பேருக்குத்தான். தட்டையா ஒரு தகடு கிடைச்சாப் போதும்."

"அவருக்கு ஓட்டத் தெரியுமா?"

"நான்தான் சொல்லிக் கொடுத்தேன். நாலஞ்சு தடவை."

அவன் தங்கை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒரு சுத்து ஓட்டிப் பார்க்கலாமா?" என்றார் சர்வேயர். "என் இடுப்புக்கு ஆகாது. மெக்கானிக் ஓட்டட்டும், நம்ம போட்டோக்காரரு பின்னால உட்காரட்டும்."

"வெள்ளை பேன்ட்டுண்ணே!"

"அதுக்காகத்தான்."

மெக்கானிக் மூன்றாவது உதையில் கிளப்பினான். நீலப்புகை ஷெட்டை நிறைத்தது. காலிப் பீப்பாயைத் தடியால் அடிப்பது போன்ற சத்தத்தோடு வண்டி தெருமுனை வரை போய்த் திரும்பியது. போட்டோக்காரர் இறங்கியதும் முதலில் தன் காலைத்தான் பார்த்தார்.

"அட நாசமாப் போறவனே! என்னய்யா இது, எண்ணெய்ச் சட்டியில உட்கார வச்சுக் கூட்டிட்டு வந்தியா?"

வலது கெண்டைக்காலுக்குப் பின்னால் கறுப்புப் புள்ளிகள்.

"சைலன்சர்ல ஒட்டுப் போட்ட இடம் அது," என்று மெக்கானிக் சிரித்தான். "பின்னால உட்காருறவன் கால் நேரா அங்கதான் வரும். ஓட்டுறவன் மேல படாது. அதனாலதான் இவரு சரி பண்ண விடமாட்டேங்கறாரு!"

"சரி, வண்டியை நிறுத்துப்பா," என்றார் சர்வேயர்.

மெக்கானிக் ஸ்டாண்டு போட்டான். குனிந்து பெட்ரோல் டேப்பை நேராகப் பக்கவாட்டில் திருப்பினான். அடியில் ஒரு துளி திரண்டு தரையில் விழுந்தது. இன்னொன்று. அவன் காலால் ஒரு காலி டப்பாவை அதற்கு அடியில் தள்ளினான்.

"டேப்புக்குள்ள இருக்கிற கார்க் வாஷர் தேஞ்சு போச்சுங்க. மாத்தலாம்னா, கம்பெனிக் கார்க்கைத் தொடாதேங்கறாரு. என்கிட்ட நிக்கிற வரைக்கும் டப்பாதான்."

"டப்பா எதுக்குடா? எத்தனை தடவை சொல்றது?" அண்ணன் இரண்டு எட்டில் வந்து குனிந்தான். கட்டைவிரலால் கைப்பிடியை ஒரு விரற்கடை மேலே தள்ளினான். சொட்டு நின்றது. "இதோ. இந்த இடம் கைக்குத்தான்டா தெரியணும்."

சர்வேயர் சட்டைப் பையிலிருந்து படத்தை எடுத்து வண்டியின் சீட்டின் மேல் வைத்தார்.

"பாலத்துல விழுந்து கிடந்தப்பவும் அந்த இடத்துலதான் இருந்துச்சு," என்றார்.

மெக்கானிக் முதலில் படத்தைப் பார்த்தான், பிறகு டேப்பைப் பார்த்தான், பிறகு மெதுவாக ஒரு அடி பின்னால் நகர்ந்தான்.

"டேப்பை அடைச்சுட்டு எவ்வளவு தூரம் ஓடும்ப்பா?"

"கார்புரேட்டர்ல மிச்சம் இருக்கிறது... ஒரு கிலோமீட்டர் போனாப் பெரிசு."

"பாலம் நாலு கிலோமீட்டர். அப்ப வண்டி ஓடினப்போ டேப் திறந்துதான் இருந்திருக்கு. விழுந்த பிறகு யாரோ அடைச்சிருக்காங்க. ஒழுகறதுக்கு முன்னாடியே, கையோட. அதனாலதான் தரையில சொட்டு இல்லை."

"அவரே அடைச்சிருக்கலாமில்ல?" என்றான் அண்ணன்.

"தொடை எலும்பு உடைஞ்சு ஏழடி தள்ளிக் கிடந்தவரு. வண்டிக்கும் அவருக்கும் நடுவுல ரத்தம் இழுத்த தடமே இல்லை." சர்வேயர் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு வண்டியின் இடது பக்கம் போனார். "இதுல கியர் மாத்தணும்னா இடது காலை லிவருக்கு அடியில கொடுத்துத் தூக்கணும். நாலு கிலோமீட்டர் ஓட்டினா ஷூ மேல கறுப்பாப் பட்டை விழும். அவரு இடது ஷூ துவைச்ச மாதிரியே இருக்கு. ஆனா வலது பேன்ட்டுல எண்ணெய்ப் புள்ளி. போட்டோக்காரரு கால்ல இருக்கிற அதே இடத்துல. அவரு ஓட்டலை. பின்னால உட்கார்ந்து போனாரு."

"அப்ப ஓட்டினது..." என்று தொடங்கிய போட்டோக்காரர் பாதியில் வாயை மூடிக்கொண்டார். அந்தப் பெண் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொண்ணு," என்றார் சர்வேயர். இதைச் சொல்ல அவருக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "தனியா அடிபட்டுக் கிடக்கிறவன் லாரிச் சத்தம் கேக்கிற பக்கம்தான் தவழுவான், கத்துவான். பெரிய ரோடு இருநூறு அடிதான். அவரு நகரவே இல்லை. தொடையில பெல்ட்டைக் கட்டிக்கிட்டு, சுவத்துல சாஞ்சு, ஊர்ப்பக்கம் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தாரு. ஆள் கூட்டிட்டு வரப் போனவரை நம்பி."

அவர் கையை நீட்டி அண்ணனின் வலது சட்டைக் கையை மேலே தள்ளினார். அவன் தடுக்கவில்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் உரிந்து பொருக்குத் தட்டியிருந்தது.

அண்ணன் எண்ணெய் பீப்பாயின் மேல் உட்கார்ந்தான்.

"வேன் போயிடுச்சுன்னு வந்து நின்னாரு. நான்தான் ஏறுங்க மாப்பிள்ளைன்னேன். அஞ்சே முக்கால் இருக்கும், இறக்கத்துல மண்ணு சரிஞ்சு கிடந்துச்சு. இந்த வண்டி இறக்கத்துல இஞ்சின் பிடிப்புக் கொடுக்காது, தெரியும். தெரிஞ்சும் வேகமா வந்தேன்." அவன் தரையைப் பார்த்துப் பேசினான். "பஸ்ல ஏற்கெனவே ரெண்டு கேஸ் சார். இன்னொண்ணு வந்தா லைசென்ஸ் போயிடும்னு எழுதி வாங்கியிருக்காங்க. அவசரத்துல ரெண்டு பேருமே போன் எடுத்துட்டு வரலை, ஆள் கூட்டிட்டு வரத்தான் கிளம்பினேன். சத்தியமா. நடந்து வர வர, இந்த நினைப்பு வந்துருச்சு. எவனாவது பார்த்துத் தூக்கிட்டுப் போயிடுவான்னு நினைச்சு வீட்டுக்கு வந்து படுத்துட்டேன்."

"பேசினாரா?" என்று அவள் கேட்டாள்.

"ம்."

"என்ன சொன்னாரு?"

"'ஒண்ணுமில்ல மச்சான், பதறாமப் போயிட்டு வாங்க'ன்னாரு."

அவள் வண்டியருகே போனாள். டேப்பை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அண்ணே, விழுந்து எந்திரிச்சதும் முதல்ல எதைத் தொட்டே? அவரையா, இதையா?"

அவன் மடியில் விரிந்து கிடந்த தன் வலது கையை, அது வேறு யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சர்வேயர் போட்டோக்காரரிடம் தலையசைத்தார். அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மெக்கானிக்கும் பின்னாலேயே நழுவினான். அண்ணன் எழுந்து தங்கையின் முன்னால் வந்து நின்றான்.

"போலீஸ்ல நானே சொல்றேன். தெருவுல ஒவ்வொரு வீடா ஏறி, அவரு திருடலைன்னு சொல்றேன். உன் பொண்ணுகிட்டயும் சொல்றேன். இந்த வீட்டை உன் பேருக்கு எழுதித் தர்றேன். வண்டியைக் கொளுத்தச் சொன்னாக் கொளுத்திடறேன். வேற என்ன தரணும், சொல்லு பாப்பா."

"அஞ்சே முக்கால்லயிருந்து ஆறே முக்கால் வரைக்கும்," என்றாள் அவள். "அதைக் குடு."

அவள் துணிப்பையை எடுத்துக்கொண்டு, மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரமாகிவிட்டது என்று வாசலுக்குப் போனாள். திருடன் என்ற சொல் அன்று மாலைக்குள் தெருவிலிருந்து போய்விடும். வழக்கு, லைசென்ஸ், சிறை எல்லாம் ஒவ்வொன்றாகத் தீர்ந்துவிடும். அண்ணன் தங்கைக்குத் தரவேண்டிய ஒரு மணி நேரம் மட்டும் பாக்கி.