மாறியில் தங்கிய பெயர்

'பெயர்சொல்லி' என்ற கருவி காதுக்குள் "மகன்" என்று சொன்னதால், எழுபது வயது தாசையன் முன்பின் தெரியாத ஒருவரின் பின்னால் பேருந்தில் ஏறி, வள்ளியூரில் அழுதுகொண்டு நின்றார். மறதிநோய்க்காரர்கள் நாற்பதாயிரம் பேர் அதை அணிந்திருந்தார்கள். எதிரே தெரியும் முகம் யாருடையது என்று காதில் சொல்லும்.

கோளாறைத் தேடும் வேலை, கருவியைச் செய்த நிறுவனத்தின் நிரலாளர் ஹெப்சிபாவிடம் வந்தது. ஒவ்வொரு படியிலும் நடப்பதைத் திரையில் காட்டும்படி நிரலில் வரிகள் சேர்த்தால் கருவி ஒழுங்காக இருந்தது. நீக்கினால் மறுபடி உளறியது.

"நான் பாக்கும்போது மட்டும் நல்ல பிள்ளையா இருக்கு சார்," என்றாள் மேலாளர் சண்முகவேலிடம்.

"ஒன்பது நாளா இதைத்தாம்மா சொல்லுதீங்க."

பத்தாம் நாள் கர்னலில், அதாவது கருவியின் அடித்தள நிரலில், கோளாறு அகப்பட்டது. சி என்ற நிரல்மொழியில் யாரோ ஒரு மாறியை, அதாவது ஓர் எண்ணை வைக்கும் இடத்தை, அறிவித்துவிட்டு, தொடக்க மதிப்பு கொடுக்காமல் விட்டிருந்தார். முகம் பிடிபட்டால் அதில் அவருக்குரிய எண் ஏறும். பிடிபடாவிட்டால், நினைவகத்தில் அந்த இடத்தில் ஏற்கெனவே கிடந்த எண், பெரும்பாலும் சற்றுமுன் பார்த்தவருடையது, அப்படியே பெயராகிவிடும். அவள் சேர்த்த வரிகள் தற்செயலாக அந்த இடத்தைத் துடைத்துவிட்டதால்தான், அவள் பார்க்கும்போது மட்டும் அது ஒழுங்காக இருந்தது.

"ஒரு பூஜ்யம் போட நேரமில்லையா இவனுக்கு," என்று முணுமுணுத்தபடி அதைச் சேர்த்தாள். இனி ஆள் தெரியாவிட்டால் கருவி பேசாது.

மூன்றாம் நாள் தாசையனின் மனைவி எஸ்தர் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"என்னம்மா செஞ்சீங்க? என்னைப் பாத்தா அது வாயே தெறக்க மாட்டேங்கு. அதனால அவரும் பேச மாட்டேங்காரு."

"உங்க முகம் அதுக்குப் பிடிபடலம்மா. முன்னாடி உங்க பேரையா சொல்லிச்சு?"

"எங்க? செவத்துல அவரோட அக்கா படம் இருக்கு. அதைப் பாத்துட்டு என்னைப் பாத்தா, நானும் அக்காதான். 'காப்பி குடிச்சியாக்கா'ன்னு கேப்பாரு. நானும் 'குடிச்சேன்டே'ம்பேன். நல்லாத்தான இருந்தோம்."

"அவர் வள்ளியூர்ல அழுதுட்டு நின்னது மறந்துபோச்சா?"

"கதவை நான் பூட்டிக்கிடுதேன். நீங்க அதைப் பேச விடுங்க."

அதே புகார் ஊர் ஊராக வந்து குவிந்தது. வீட்டாரே முடிவு செய்யட்டும் என்றார் சண்முகவேல். 'ஆள் தெரியாவிட்டால் ஏதேனும் ஒரு பெயர் சொல்லலாமா?' என்ற கேள்வியை, வீட்டாரின் கைபேசிகளுக்கு அனுப்ப, ஹெப்சிபா எரிச்சலோடு எழுதினாள். அந்நியரையும் அது உறவினர் என்று சொல்லக்கூடும் என்று கீழே சேர்த்தாள்.

மறுநாள் மாலைக்குள் முப்பத்தெட்டாயிரம் வீடுகள் 'ஆம்' என்றன. அவசரத்தில் தட்டிவிட்டார்கள் என்று அவளால் ஆறுதல் கொள்ளவும் முடியவில்லை. எச்சரிக்கையை முழுதாக வாசிக்காமல் 'ஆம்' பொத்தானைத் தட்ட முடியாதபடி அவள்தான் செய்திருந்தாள்.