ஆயிஷா போடாத கையெழுத்து

"மைனி, ஞாயித்துக்கிழமை நீங்க ரூமுலயே இருந்துக்கங்க. உடம்புக்கு முடியலன்னு நான் சொல்லிக்கறேன்."

நாத்தனார் நோர்மா இதைச் சொன்னபோது காலை ஏழு மணிகூட ஆகவில்லை. ஆயிஷா அடுப்பிலிருந்து தேத்தண்ணீரை இறக்கிக்கொண்டிருந்தாள். கை ஒரு கணம் நின்றது. பிறகு வடிகட்டியைத் தேடி எடுத்தது.

"புள்ளைக்குப் பேசி முடிக்க வர்றாங்க நோர்மா... பெத்தவ இல்லாம எப்படி?"

"பெத்தவதான், யாரு இல்லேன்னா? ஆனா பொண்ணு சுஹானா வீட்டுக்காரங்க காதுல யாராச்சும் போட்டுட்டா என்ன செய்றது? சமையலுக்கும் ஆள் சொல்லிட்டேன். நீங்க ஒண்ணையும் தொட வேணாம்லா." நோர்மா குரலைத் தாழ்த்தினாள். "எங்க அண்ணன் தங்கமான மனுஷன். வேற ஆம்பளையா இருந்தா என்னைக்கோ அத்து விட்டிருப்பாங்க. அவரு பேரையாச்சும் காப்பாத்தணும்ல மைனி?"

முன்கூடத்தில் ஆயிஷாவின் கணவர் கமாலுதீன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். பாயான் பாருவில் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடி வீடு சின்னது. அடுப்படியில் பேசுவது முன்கூடத்தில் கேட்காமல் இருக்காது. ஆனாலும் அவர் நிமிரவில்லை. கடைசிப் பொத்தானையே போட்டும் கழற்றியும் கொண்டிருந்தார்.

ஆயிஷா அவரைப் பார்த்தாள். பிறகு தேத்தண்ணீரை ஆற்றத் தொடங்கினாள். பழகிப்போன மௌனம் அது. இருபத்தோரு வருடப் பழக்கம்!

அந்தக் காலத்தில் கமாலுதீன் தாய்லாந்து எல்லையைத் தாண்டி ஹாட்யாய் வரை லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். விடாத இருமலோடு ஒருநாள் திரும்பி வந்தார். ரத்தத்தைச் சோதித்துவிட்டு எச்.ஐ.வி. என்றார்கள். மனைவியையும் அழைத்து வரச் சொன்னார்கள். மூன்றாம் நாள் ஆயிஷாவுக்கும் அதே முடிவு வந்தது. ஆறு வயது மகன் ஹாஃபிஸுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. அதற்காக அவள் தொழுகை விரிப்பில் சுஜூதில் விழுந்து அழுதாள்.

அந்த மாதம்தான் கமாலுதீனின் தங்கை நோர்மாவுக்கு ஷேக் அலாவுதீனை நிச்சயம் செய்திருந்தார்கள். ஆயிஷா பெயர் போட்ட ஆஸ்பத்திரிச் சீட்டு எப்படியோ மாமியார் கையில் சிக்கியது. வீடே கூடி நின்று கேட்டது. அண்ணன்காரனுக்கு இந்த நோய் என்று வெளியே தெரிந்தால் தங்கையின் நிக்கா நின்றுவிடும். ஆயிஷா கணவனின் முகத்தைப் பார்த்தாள். அது வெளுத்துப்போயிருந்தது.

"அவருக்கு ஒண்ணும் இல்ல மாமி. எனக்குத்தான்... கரு கலைஞ்சப்ப ரத்தம் ஏத்துனாங்கல்ல..."

அந்த ஒரு பொய்யில் நோர்மாவின் நிக்கா நடந்தது. ஆனால் ரத்தம் ஏற்றிய கதையை யாரும் முழுதாக நம்பவில்லை. கல்யாணத்துக்கு முன் அவள் மாக் மண்டினில் ஃபேக்டரி வேலைக்குப் போனவள். இரவு ஷிஃப்டில் என்ன நடந்ததோ என்று பேசினார்கள். மாமியார் அதை நம்பியபடியே மவுத்தானார். ஆறு வருடங்களுக்கு முன் கணவனை இழந்து அண்ணன் வீட்டுக்கு வந்த நோர்மாவும் அதையே நம்பினாள். கமாலுதீன் தன் மாத்திரைகளைக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் இருந்த தன் நாசி கண்டார் சோற்றுக் கடையிலேயே வைத்துச் சாப்பிட்டார். கேட்டவர்களிடம் ரத்தக் கொதிப்பு என்றார்.

"அம்மா, ரெடியா? ஒன்பது மணிக்கு டாக்டர்!"

ஹாஃபிஸ் கார் சாவியோடு வந்து நின்றான். இருபத்தேழு வயது, ஃபேக்டரியில் எஞ்சினியர். இந்த நோயை அடியோடு போக்க முடியுமா என்று பார்க்கும் ஆராய்ச்சி ஒன்றுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அவன்தான் கண்டுபிடித்துச் சொன்னான். ஒரு மாதமாக அதே பேச்சு. 'குணமாயிட்டா யாருகிட்டயும் எதையும் மறைக்க வேணாம்ல அம்மா.' சுஹானாவிடம் அவன் இன்னும் சொல்லவில்லை.

ஆயிஷா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கிளம்பினாள். கணவரும் கட்டாயம் வர வேண்டும் என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லியிருந்ததால் கமாலுதீனும் பின்னால் வந்தார்.

டாக்டர் பிரியந்தி ஒன்பது வருடமாக ஆயிஷாவைப் பார்த்து வருகிறாள். மேசைமேல் பதினெட்டுப் பக்கச் சம்மதப் படிவம் இருந்தது. அவள் அதைத் தள்ளி வைத்துவிட்டு ஹாஃபிஸைப் பார்த்துப் பேசினாள்.

"தம்பி, இது குணப்படுத்தற மருந்து இல்ல. குணப்படுத்த வழி இருக்கான்னு தேடற ஆராய்ச்சி. முதல்ல சில ஊசி போடுவாங்க. அப்புறம் உங்கம்மா இப்ப சாப்பிடற மாத்திரையை நிறுத்திட்டு, வாரா வாரம் ரத்தம் எடுத்து, கிருமி எப்பத் திரும்பி வருதுன்னு பாப்பாங்க. பெரும்பாலும் திரும்பி வரும். வந்ததும் மறுபடி மாத்திரை."

"வராமலும் போகலாம்ல டாக்டர்?"

"போகலாம். ஆனா அந்த நம்பிக்கையைக் கொடுத்து நான் யாரையும் சேக்க மாட்டேன்." பிரியந்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "ஆராய்ச்சி வேணும்னு நெனைக்கறவதான் நானும். ஆள் சேராம எந்த மருந்தும் வராது. ஆனா நல்லா இருக்கற மனுஷிகிட்ட மாத்திரையை நிறுத்துங்கன்னு சொல்றப்ப எனக்கே மனசு ஒப்பல. மாத்திரை சாப்பிடற வரைக்கும் அக்காவால யாருக்கும் தொத்தாது. நிறுத்தினா நிலைமை மாறும். அதுக்குத்தான் கணவரையும் கூப்பிட்டு விளக்கறாங்க."

ஹாஃபிஸ் சட்டென்று திரும்பினான். "அப்ப அத்தாவுக்கு ஆபத்தா? இத்தனை வருஷமா அவருக்கு ஒண்ணும் இல்ல... இப்பப் போயி வந்துட்டா என்ன செய்றது?"

பிரியந்தி கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டாள். கமாலுதீனும் அவளுடைய நோயாளிதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறொரு நாளில் தனியாக வந்து போவார். ஆனால் ஒரு நோயாளியின் ரகசியத்தை அவர் மகனிடம்கூட அவள் சொல்லக் கூடாது. அவள் கமாலுதீனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"அவருக்கு ஒண்ணும் ஆகாதுப்பா," என்றாள் ஆயிஷா. மறுபடியும் அவளே! "எங்க கையெழுத்துப் போடணும் டாக்டர்?"

"இருங்கக்கா. நீங்க ஏன் இதுல சேரணும்னு நெனைக்கறீங்க?"

"மகன் ஆசைப்படறான்."

"அது அவரோட காரணம். உங்களுது?"

ஆயிஷா பேனாவின் மூடியைக் கழற்றினாள். அவள் கண்ணில் நீர் இல்லை. குரலில் அழுகையும் இல்லை.

"மாத்திரையை நிறுத்தினா உடனே செத்தா போயிடுவேன்? அப்படியே போனாலும்... போறேன் டாக்டர். எனக்கு அலுத்துப் போச்சு."

அவள் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள். அதன்மேல் கமாலுதீனின் கை வந்து விழுந்தது.

"வேணாம் ஆயிஷா... போதும்."

"அத்தா?"

"எனக்கும் அதே நோய்தான் ஹாஃபிஸ். எங்கிட்டேருந்துதான் உங்கம்மாவுக்கு வந்துச்சு. ரத்தம் ஏத்துனாங்கன்னு சொன்னது எனக்காக... உங்க நோர்மா மாமி கல்யாணத்துக்காக. உங்கம்மா மேல ஒரு தப்பும் இல்லப்பா. லாரி ஓட்டுன காலத்துல தப்புச் செஞ்சவன் நான். சொல்லாம இருந்தவனும் நான்தான்..."

ஹாஃபிஸ் எழுந்தான். நாற்காலி பின்னால் சாய்ந்தது. அப்பாவை அடித்துவிடுவானோ என்று ஆயிஷா பயந்தாள். அவன் அப்படியே மண்டியிட்டு அவள் மடியில் முகத்தைப் புதைத்தான்.

"ஸ்கூல் பரிசளிப்புக்கு வராதீங்கன்னு சொன்னேனேம்மா... பதினேழு வயசுல... கூட்டாளிங்க பாத்துடுவாங்கன்னு! அன்னைக்குக்கூட நீங்க சொல்லலையே! ஏம்மா?"

"உங்கத்தாவை வெறுத்துடுவியோன்னுதான்பா," என்றாள் ஆயிஷா.

கமாலுதீன் டாக்டர் பக்கம் கைகூப்பினார். "அவளுக்குப் பதிலா என்னைச் சேத்துக்கங்க. எது நடந்தாலும் பரவாயில்ல."

"இன்னைக்கு வேணாங்கண்ணே," என்றாள் பிரியந்தி. "தண்டனையா நெனைச்சுப் போடற கையெழுத்தை நான் வாங்க மாட்டேன். ஒரு மாசம் யோசிங்க. அப்பவும் தோணுச்சுன்னா வாங்க, பேசுவோம்." பிறகு ஆயிஷாவிடம் குனிந்தாள். "நீங்க சொல்லுங்கக்கா. உங்களுக்கு என்ன தோணுது?"

"இதுல சேர்றவங்க யாருக்காக சேர்றாங்க டாக்டர்?"

"பின்னால வரப்போறவங்களுக்காக. அவங்களுக்கு ஒருவேளை பலன் கிடைக்கலாம்."

"நல்ல மனசுக்காரங்க. அல்லாஹ் அவங்களை நல்லா வைக்கட்டும்." ஆயிஷா பேனாவை மேசையில் வைத்தாள். "ஆனா நான் மத்தவங்களுக்காக இருபத்தோரு வருஷம் செஞ்சுட்டேன் டாக்டர். இது ஒண்ணை வேற யாராச்சும் செய்யட்டும். நான் என் மாத்திரையைச் சாப்பிட்டுக்கிட்டு இருந்துக்கறேன்."

பிரியந்தி படிவத்தை மடித்து இழுப்பறைக்குள் வைத்தாள். "ரொம்ப சரியான முடிவுக்கா," என்றாள்.

அவர்கள் வீடு திரும்பியபோது மதியமாகிவிட்டது. கமாலுதீன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே தங்கையைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"பொய்யி!" என்று கத்தினாள் நோர்மா. "மைனியைக் காப்பாத்தறதுக்காகப் பொய் சொல்றீங்கண்ணே!"

"இத்தனை நாளா உங்க மைனிதான் என்னைக் காப்பாத்துனா. உன் நிக்காவுக்கு முந்துன மாசம்தான் ரெண்டு பேருக்கும் தெரிஞ்சுச்சு. அன்னைக்கு அவ உண்மையைச் சொல்லியிருந்தா அலாவுதீன் வீட்டுல உன்னைக் கட்டியிருப்பாங்களா?"

நோர்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். பதினைந்து வருடம் அவள் வாழ்ந்த வாழ்க்கை யார் கொடுத்தது என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. ஓடிவந்து ஆயிஷாவின் கைகளைப் பிடித்துத் தன் கன்னத்தில் அறைந்துகொள்ளப் பார்த்தாள்.

"அடிங்க மைனி! என்னை அடிங்க! என்னென்ன பேசினேன்... இன்னைக்குக் காலையிலகூட... இந்த வாயாலதானே..."

ஆயிஷா கைகளை விடுவித்துக்கொண்டாள். நோர்மாவின் கலைந்த முக்காட்டைத் தலையில் இழுத்துவிட்டாள்.

"கோவம் இல்லன்னு சொன்னா பொய் நோர்மா. நிறையவே இருக்கு. ஒரு நாள் உக்காந்து எல்லாத்தையும் சொல்லுவேன், நீ கேட்டுக்கணும். இப்ப முடியல. எனக்குக் கொஞ்சம் படுக்கணும்."

"படுங்க மைனி... நான் கதவைச் சாத்தறேன்... படுங்க."

அறைக்குள் கமாலுதீன் பின்னாலேயே வந்தார். கட்டிலின் அருகே நின்றார். "என்னை மன்னிச்சிடு ஆயிஷா."

"நோயைக் கொண்டாந்ததை அப்பவே மன்னிச்சுட்டேன்," என்றாள் அவள், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தபடி. "அவங்க பேசறப்பல்லாம் தலையைக் குனிஞ்சுக்கிட்டீங்களே, அதைத்தான் முடியல. நீங்க வாயைத் திறக்க இருபத்தோரு வருஷம் ஆச்சு. எனக்கும் கொஞ்ச நாள் குடுங்க. இப்ப போங்க, கடையைப் பாருங்க."

அவர் தலையசைத்தார். அவள் கால்மாட்டில் போர்வையை விரித்துவிட்டுப் போனார்.

அவள் அசந்து தூங்கினாள். விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஹாஃபிஸ் கட்டிலோரம் உட்கார்ந்து அவள் பாதங்களை மெல்லப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான். கண்கள் வீங்கியிருந்தன.

"அம்மா, சுஹானாகிட்ட நான் சொல்லட்டுமா? அத்தாகிட்ட கேட்டுட்டேன், சரின்னாரு. உங்ககிட்டயும் கேக்கணும்ல... உங்க விஷயம்."

இதுவரை இந்த வீட்டில் யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை.

"சொல்லு," என்றாள். "சொல்றப்ப தலையைக் குனிஞ்சு சொல்லாத."

அவன் போனோடு வெளியே போனான். நெடுநேரம் பேசும் ஓசை கேட்டது. ஆயிஷா எழுந்து கை, கால், முகம் கழுவி ஒளுச் செய்து அஸர் தொழுகையைத் தொழுதாள். பிறகு தொழுகை விரிப்பிலேயே உட்கார்ந்திருந்தாள். மனம் எதற்கும் தயாராக இருந்தது. சம்பந்தம் முறிந்தால் முறியட்டும். அதையும் தாங்கிக்கொள்ளலாம். பொய்யைத்தான் இனித் தாங்க முடியாது.

ஹாஃபிஸ் உள்ளே வந்து போனை அவளிடம் நீட்டினான். "உங்ககிட்ட பேசணுமாம்மா."

மறுமுனையில் சுஹானா பேசினாள்.

"மாமி... எங்கம்மாகிட்ட நான்தான் சொல்லணும். முதல்ல பயப்படுவாங்க, எனக்குத் தெரியும். எனக்கே பயமாத்தான் இருந்துச்சு, இவரு சொல்லித்தான் புரிஞ்சுது. அவங்க வந்தாலும் வரலன்னாலும் ஞாயித்துக்கிழமை நான் வருவேன் மாமி. நீங்க உக்காந்து பேசினாத்தான் பேச்சு. இல்லேன்னா வேணாம்."

"வாம்மா," என்றாள் ஆயிஷா.

ஆஸ்பத்திரியில் வராத அழுகை, நோர்மா கதறியபோது வராத அழுகை, இப்போது வந்தது. தோள்கள் குலுங்க, வாய்விட்டு அழுதாள். ஹாஃபிஸ் அவளை இறுகக் கட்டிக்கொண்டான். அழாதீங்கம்மா என்று சொல்ல வாயெடுத்தவன், சொல்லவில்லை. கதவருகே வந்து நின்ற நோர்மாவும் சொல்லவில்லை. ஆயிஷா அழுது முடிக்கும் வரை இருவரும் பேசாமல் பக்கத்திலேயே இருந்தார்கள்.